படுத்துக்கொண்டே பேசிய வியாழக்கிழமைகள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கத்தை என்னளவுக்குப் பார்த்தவர்கள் இருக்க முடியாது. அதைச் செய்த ஆசாரி பென்சிலால் போட்ட இரண்டு கணக்குகளும் ஒரு பெருக்கல் குறியும் அங்கே இன்னும் அழியாமல் இருக்கின்றன. பதினான்கு ஆண்டுகளாக ஹாலில் பாய் விரித்து, தலையை மேசைக்கடியில் நீட்டி, முழங்காலை மடக்கி மல்லாந்து கிடப்பதுதான் என்னுடைய இடமும் இருப்பும்.

பத்தொன்பது ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தேன். சிக்னல் பிரிவில் ஹவில்தார். பதினேழாவது ஆண்டில் முதுகில் அடிபட்டது. ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. மீதி இரண்டு ஆண்டுகளை மேசை வேலையில் ஓட்டிவிட்டு, மனைவியும் மகளும் இருந்த திருவனந்தபுரத்துக்கே வந்து சேர்ந்தேன். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மனைவிக்குச் சாலை பஜாருக்கு அருகே ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை. அதனால் கரமனையில் வீடு.

வலி இடுப்பில் தொடங்கி இடது கால் வழியாக இறங்கிச் சுண்டு விரல் வரை போகும். உட்கார்ந்தால் பத்து நிமிடம். பிறகு எழுந்து நிற்க வேண்டும். நின்றால் கொஞ்ச நேரத்தில் படுக்க வேண்டும். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக ஒரு வருஷம் போய்ப் பார்த்தேன். வேலையைச் செய்துவிடலாம். ஆனால் ஹைவே நெரிசலில் பஸ்ஸில் போய் வருவதற்குள் உயிர் போய்விடும். விட்டுவிட்டேன். அதன் பிறகு கல்யாணங்களுக்கு மனைவி தனியாகப் போனாள். சினிமாவுக்கு மகளும் அவளும் போனார்கள். நான் அடுக்களை மேடையருகே நின்றபடி சாப்பிட்டேன். நான் படுத்திருக்கும்போது இருவரும் சத்தமில்லாமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். வீட்டில் எல்லோருமே நோயாளி மாதிரி இருந்தோம்.

இந்த வருஷம் மே மாதத்தில் ராணுவ மருத்துவமனையில் ஒரு புதிய எலும்பு டாக்டர் என் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இனி அறுத்துச் சரிசெய்ய இதில் ஒன்றுமில்லை. மாத்திரையும் கூட்டிக்கொண்டே போக முடியாது. நீண்டகால வலி இருக்கிற முன்னாள் ராணுவத்தினருக்கு என்று ஒரு ஆன்லைன் புரோகிராம் இருக்கிறது. எட்டு வாரம். வியாழக்கிழமை நாலு மணி. ஒரு சைக்காலஜிஸ்ட் நடத்துகிறார். வீட்டில் இருந்தபடியே சேரலாம்” என்றார்.

“எனக்கு வலி முதுகில், சார்” என்றேன்.

“தெரியும். வலியைச் சுமந்துகொண்டு நடக்கிறது முழு ஆளும்தானே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கழித்து என் வலி பொய் என்று சொல்கிறார்கள், மனசுக்குத்தான் கோளாறு என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மடித்து ஃபிரிட்ஜ் மேல் போட்டேன்.

சனிக்கிழமை மகள் வந்தாள். அவளுக்குக் கழக்கூட்டத்தில் வேலை. வாரநாட்களில் அங்கேயே ஹாஸ்டல். தாளை எடுத்துப் படித்தாள்.

“அப்பா, இது நல்லதாக்கும். நான் ரிஜிஸ்டர் பண்ணட்டா?”

“எனக்குப் பைத்தியம் ஒண்ணும் பிடிக்கல மக்ளே.”

“பைத்தியம்னு ஆரு சொன்னா? எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு கவுன்சலிங் போறாங்க. அப்பா இந்த மேசைக்கடியில கிடக்குறதை நான் ஒம்பது வயசுல இருந்து பாக்குதேன். எட்டு வியாழக்கிழமை தானே? அதுல என்ன போகப் போவுது?”

‘ஒம்பது வயசு’ என்று அவள் சொன்னதில் என் வாய் அடைத்துவிட்டது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு போனில் ஏதோ தட்டினாள்.

முதல் வியாழன் நல்ல மழை. போனை வற்றல் போட்டு வைக்கும் சம்படத்தில் சாய்த்து வைத்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தேன். மீட்டிங் என்றால் எனக்கு அப்படித்தான் இருக்கத் தெரியும். திரையில் என்னைத் தவிர ஆறு கட்டங்கள் வந்தன. கண்ணூர்க்காரர் ஒருவர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்று விழிஞ்ஞத்தில் இருப்பவர் ஒருவர், ஆற்றிங்கலில் இருந்து ராணுவ நர்ஸாக இருந்த ஒரு அம்மா, பிறகு இன்னும் இருவர். நடுவில் சைக்காலஜிஸ்ட். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் பேசியது மலையாளம். நினைவில் நிற்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஏழாவது நிமிடம் எனக்கு வேர்க்கத் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் இடது கை நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“யாருக்கெல்லாம் இப்போது உட்கார்ந்திருக்கக் கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டார் அவர்.

யாரும் கை தூக்கவில்லை. எல்லோரும் சீருடை போட்டவர்கள் அல்லவா.

“சரி, நானே சொல்கிறேன். இது படுத்துக்கொண்டு கலந்துகொள்ளக்கூடிய மீட்டிங். நிற்கலாம், நடக்கலாம். கேமராவில் உங்கள் வீட்டு ஃபேன் தெரிந்தாலும் எனக்குப் பரவாயில்லை.”

நர்ஸம்மாதான் முதலில் சரிந்து படுத்தார். அவர் கட்டத்தில் ஒரு தலையணை உறை மட்டும் தெரிந்தது. அடுத்து விழிஞ்ஞத்துக்காரர் எழுந்து சுவரில் சாய்ந்தார். நான் இன்னும் ஒரு நிமிடம் வீம்பு பிடித்துவிட்டு, சம்படத்தையும் போனையும் தரையில் வைத்துப் பாயில் படுத்தேன். நான்கு பேர் படுத்துக்கொண்டு, இரண்டு பேர் நின்றுகொண்டு அந்த மீட்டிங் நடந்தது. ராணுவத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மீட்டிங்கில் மற்றவர்கள் முன்னால் நான் படுத்தது அன்றுதான். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். மூச்சு ஒழுங்காக வந்தது. அவ்வளவுதான்.

உங்கள் வலி நிஜம் என்றுதான் அவர் அன்றைக்கு ஆரம்பித்தார். அதைச் சொல்ல ஒரு டாக்டர் கூட இத்தனை வருஷத்தில் மெனக்கெட்டதில்லை. காயம் ஆறின பிறகும் நரம்புகள் அபாயச் செய்தி அனுப்புவதை நிறுத்துவதில்லை என்றும், பயமும் வெட்கமும் தூக்கமின்மையும் அந்தச் செய்தியின் சத்தத்தைக் கூட்டுகின்றன என்றும் விளக்கினார். வலியை எடுத்துவிடுவேன் என்று அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை. வலி இருக்கும்போதே வாழ்க்கையைக் கொஞ்சம் திருப்பி வாங்கலாம் என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது வாரம் வீட்டுப்பாடம் வந்தது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கொஞ்சம் நன்றாக இருக்கிற நாளில் வீட்டைக் கழுவுவேன், பரண்மேல் இருப்பதை இறக்குவேன், தோட்டத்தைக் கொத்துவேன். பிறகு மூன்று நாள் எழுந்திருக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடு என்பதுதான் எனக்குக் கற்றுத் தந்த பாடம்.

“சாருக்கு எவ்வளவு தூரம் நடக்க முடியும்?” என்று கேட்டார்.

“நல்ல நாளில் பதினைந்து நிமிடம்.”

“அப்படியானால் எட்டு நிமிடம் நடங்கள். நல்ல நாளிலும் எட்டு, மோசமான நாளிலும் எட்டு. போனில் அலாரம் வையுங்கள். நாலாவது நிமிடம் அடித்ததும் எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்புங்கள். முடிகிறது என்பதற்காக நடக்காதீர்கள்.”

போதும் என்பதற்கு மலையாளத்தில் ‘மதி’ என்பார்கள். அலாரம் அடித்ததும் வாய்விட்டு ‘மதி’ என்று சொல்லச் சொன்னார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த உத்தரவுகளில் நிறைவேற்றக் கஷ்டமாக இருந்தது அதுதான். காலில் பலம் இருக்கும்போது திரும்பி வருவது என்பது தோற்றுப் பின்வாங்குவது மாதிரி இருந்தது.

வலியசாலைப் பக்கம் நடப்பேன். அங்கே அக்கிரகாரத் தெருவுக்குள் நுழைந்து மூன்றாவது மின்கம்பத்தை நெருங்கும்போது அலாரம் அடிக்கும். ‘மதி’ என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்புவேன். ஆறாவது நாள், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாமி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“ஏன் சார், தினம் இவ்வளவு தூரம் வந்துட்டு எதையோ மறந்தாப்பல திரும்பிடறேளே? அப்படி என்னத்தை மறந்துட்டு வரேள்?”

“மறக்கல மாமி. டாக்டர் இவ்வளவுதான் நடக்கச் சொல்லியிருக்காங்க.”

“அப்படியா? நானும் எங்காத்துல சொல்லிண்டிருந்தேன், பாவம், நல்ல மனுஷர், ஞாபகமறதி போலிருக்குன்னு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். அந்த வாரம் ஒரு நாள்கூட நான் மொத்தமாகப் படுத்துவிடவில்லை என்பதை அப்போது அவள்தான் கவனித்துச் சொன்னாள்.

மூன்றாவது வியாழன் வந்தது. வலி எப்படித் தொடங்கியது என்று ஒவ்வொருவரும் விருப்பமிருந்தால் சொல்லலாம் என்றார் சைக்காலஜிஸ்ட். கண்ணூர்க்காரர் முதலில் பேசினார். கண்ணிவெடி. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இல்லாத அந்தப் பாதத்தில்தான் அவருக்கு வலி. சாதாரணக் குரலில், மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அவருக்கு முன்னால் போன நண்பனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார்.

அடுத்து என் முறை.

“எனக்கும் எல்லையில்தான்” என்றேன். “அதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை.”

எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். நான் கேமராவை ஃபேன் பக்கம் திருப்பினேன்.

ஏனென்றால் எனக்கு அடிபட்டது எல்லையில் எந்தச் சண்டையிலும் இல்லை. எல்லையிலிருந்து வெகு தூரம் தள்ளி இருந்த ஒரு முகாமில், காலை பதினொரு மணிக்கு, லாரியிலிருந்து ஜெனரேட்டர் இறக்கும்போது, மழையில் நனைந்த பலகையில் கால் வழுக்கி விழுந்தேன். ஜெனரேட்டரின் ஒரு மூலை என் மேல் இறங்கியது. அவ்வளவுதான் என் வீரக்கதை.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் தொடங்கவில்லை. ஊருக்குத் தகவல் சொன்ன நண்பன் ‘பார்டர் பக்கம் அடிபட்டுவிட்டது’ என்று சொல்லியிருக்கிறான். மாமியார் அதைத் தெருவில் சொல்லும்போது குண்டு வெடித்துவிட்டது. நான் பெல்ட்டும் ஊன்றுகோலுமாக வந்து இறங்கியபோது ஊரே திரண்டு நின்றது. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரிடம் போய் லாரி, ஜெனரேட்டர் என்று எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்தை எல்லோரும் அவரவர் இஷ்டப்படி நிரப்பிக்கொண்டார்கள். கரமனைக்கு வந்த பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் என்னைக் கொடியேற்ற வைத்தது. ‘நாட்டுக்காக முதுகெலும்பைக் கொடுத்தவர்’ என்று மைக்கில் அறிமுகம் செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் அன்று மாலை முதல் எனக்கு வலி தாங்க முடியாது. கொடிக்கயிறு இழுத்ததால் என்று மனைவி நினைத்துத் தைலம் தேய்ப்பாள்.

நான்காவது வியாழன் நான் மீட்டிங்கில் சேரவில்லை. கரண்ட் இல்லை என்று மெசேஜ் போட்டேன். கரண்ட் இருந்தது.

மறுநாள் காலை சைக்காலஜிஸ்ட் போன் செய்தார். மனைவி பள்ளிக்குப் போயிருந்தாள்.

“சார், நடை எப்படிப் போகிறது?”

“ஒரு வாரமாகப் போகவில்லை. வலி அதிகம்.”

“போன வாரம் பேசிய மீட்டிங்குக்குப் பிறகா?”

அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று தெரியாது. பிறகு நான் சொல்லத் தொடங்கினேன். லாரியைச் சொன்னேன், பலகையைச் சொன்னேன், கண்ணூர்க்காரரிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது நான் ஹாலில் நடந்துகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் என்னைத் தேற்றவில்லை. “இத்தனை வருஷம் இதைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெரிய பாரம்தான்” என்றார். பிறகு கேட்டார். “இது யாருக்குத் தெரிந்துவிடும் என்று சாருக்கு அதிக பயம்? கண்ணூர் சாருக்கா?”

“இல்லை. என் மனைவிக்கு.”

“அப்படியானால் நான் இதற்கு மேல் பேசுவது சரியில்லை. நான் கேட்டு முடித்துவிட்டால் அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்குக் குறைந்துபோகும்.”

அப்போது எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், யாரும் எனக்குச் செய்த பெரிய உதவிகளில் அது ஒன்று.

அடுத்த நாள் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து மனைவி மேசையில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் எதிரே நின்று பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறை வேலை பத்து நிமிடம் என்பது என் வீட்டுப்பாடத்தில் இருந்தது. மகள் அந்த வாரம் வரவில்லை.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“சொல்லுங்க. காது இங்கதான் இருக்கு.” சிவப்புப் பேனா நிற்கவில்லை.

“எனக்கு அடிபட்டது பார்டர்ல சண்டையில இல்ல. குண்டும் வெடிக்கல.”

பேனா நின்றது.

“லாரியில இருந்து ஜெனரேட்டர் இறக்கும்போ வழுக்கி விழுந்தேன். மழை. ஆரும் தள்ளல, ஆரும் சுடல. வெறுமனே விழுந்தேன்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

“அப்பம்... உங்க பக்கத்துல ஆரும் சாகலியா?”

“இல்ல.”

“நீங்க ஆரையும்...”

“இல்ல. எங்க செக்‌ஷன்ல ஆறு பேரு. ஆறு பேரும் இப்பவும் இருக்கானுவ. ஒருத்தன் கோயம்புத்தூர்ல பேக்கரி வச்சிருக்கான்.”

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஏமாற்றிவிட்டீர்களே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

“பதினாலு வருஷம்” என்றாள். “பதினாலு வருஷம் நான் நீங்க வருதது கேட்டா டிவில நியூஸை மாத்தியிருக்கேன். பேப்பர்ல பார்டர்ல செத்தாங்கன்னு போட்டிருந்தா அந்தப் பக்கத்தை எடுத்து என் பைக்குள்ள வச்சு ஸ்கூலுக்குக் கொண்டு போயிருவேன். பிள்ளைகிட்ட, அப்பா இருக்கும்போ சண்டைப் படம் பாக்கப்பிடாதுன்னு சத்தியம் வாங்கி வச்சிருக்கேன். அந்தச் சீரியல் எல்லாம் எனக்குப் பிடிச்சுப் பாக்கேன்னா நெனச்சியளா?”

“ஆமா. அப்படித்தான் நெனச்சேன்.”

“எனக்கு அதுல ஒண்ணும் பிடிக்காது. ஒரு மாமியாரு, ஒரு மருமவ, ஒரே அழுகை. நீங்க எதையும் நெனச்சிரக் கூடாதுன்னாக்கும் அதைப் போட்டு வைப்பேன். நீங்க கண்ணை மூடிக் கிடக்கும்போ, என்னத்தைப் பாத்துட்டு வந்தாவளோ, அதைத்தான் திரும்பத் திரும்பப் பாக்காவன்னு நெனைப்பேன். கேக்கப் பயம். கேட்டா ஒடஞ்சு போயிருவியளோன்னு.”

அவள் அழுதாள். நான் மேசையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். உட்கார வேண்டும் என்று தோன்றியது, உட்கார்ந்தேன்.

“உனக்குக் கோவம் வரலியா?” என்று கேட்டேன்.

“வருது. பின்ன வராம? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கு ஏன் இத்தனை வெக்கம்? லாரியில இருந்து விழுந்தா வலிக்காதா?”

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கும்போது முதுகில் வெட்டியது. ஆனாலும் சிரித்தேன். அவள் அழுதுகொண்டே என்னை முறைத்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து நியூஸ் சேனலைப் போட்டாள். மழைச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதை முழுதாகப் பார்த்தோம். விழிஞ்ஞத்தில் கடல் கொந்தளிப்பு, மீன்பிடிக்கப் போக வேண்டாம் என்றார்கள். எங்கள் வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்தி பார்த்து எவ்வளவோ காலமாயிற்று.

ஐந்தாவது வியாழன் யாரும் கேட்காமலேயே நான் முதலில் பேசினேன். கண்ணூர்க்காரரின் கட்டத்தைப் பார்த்துப் பேசினேன். அன்று சொன்னது பொய், உங்களுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் என் லாரியை வைக்க வெட்கமாக இருந்தது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“ஜெனரேட்டரினு ஒந்நும் பற்றியில்லல்லோ?” என்றார். ஜெனரேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறார்.

முதலில் நர்ஸம்மாவின் சிரிப்புதான் கேட்டது. பிறகு எல்லோரும். விழிஞ்ஞத்துக்காரர் போனைக் கீழே போட்டுவிட்டார். அவர் வீட்டுத் தரைதான் எங்களுக்குத் தெரிந்தது. ஜெனரேட்டர் நன்றாக இருந்தது, அன்று மாலையே ஓடத் தொடங்கிவிட்டது என்று நான் சொன்னேன். அது இன்னும் பெரிய சிரிப்பைக் கிளப்பியது. சிரிப்பு அடங்கியதும் விழிஞ்ஞத்துக்காரர் தொண்டையைச் செருமினார். தன்னுடைய தோள்வலியும் கடலில் வந்ததில்லை, கப்பலுக்குள் குளியலறையில் விழுந்ததுதான் என்றார். மனைவியிடம் புயல் என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.

சைக்காலஜிஸ்ட் அன்றைக்கு வைத்திருந்த பாடத்தை எடுக்கவே இல்லை.

மீதி மூன்று வாரங்களில் மூச்சுப் பயிற்சி, தூக்க ஒழுங்கு, வலி கூடும் நாளுக்கான திட்டம் என்று நிறையச் சொல்லித் தந்தார். சிலது எனக்கு ஒத்துவந்தது, சிலது வரவில்லை. கண்ணை மூடி உடம்பை ஒவ்வொரு பாகமாகக் கவனிக்கச் சொன்னால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். குறட்டைச் சத்தம் கேட்டு ஒருமுறை என் மைக்கை அவரே அணைத்தார். நடை மட்டும் எட்டு நிமிடத்திலிருந்து இருபதுக்கு வந்தது. வலி போகவில்லை. காலையில் எழுந்திருக்கும்போது அது எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. ஆனால் முன்பு வலி வந்தால், இது உனக்கு வேண்டும், பொய் சொன்னவனுக்கு இதுதான் கூலி என்று உள்ளே ஒரு குரல் கூடவே வரும். இப்போது வலி தனியாக வருகிறது. தனியாக வந்தால் சமாளிக்க முடிகிறது.

ஆகஸ்டில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வழக்கம் போல அழைக்க வந்தார். வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். வேறு யாரையாவது கொடியேற்றச் சொல்லுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் விழித்தார்.

“அது சாரமில்ல சாரே, பரவாயில்ல. பத்தொம்பது வருஷம் சர்வீஸ் உண்டல்லோ? கயிறு இழுக்க ஆளு வேணும். பின்னே, அந்த முதுகெலும்பு டயலாக் நான் வெட்டிடறேன்” என்று பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு ரசீதுப் புத்தகத்தோடு போய்விட்டார். கொடி ஏற்றினேன். அன்று மாலை தைலம் வேண்டியிருக்கவில்லை.

ஓணம் லீவில் மனைவியின் பள்ளி டீச்சர்கள், தலைமையாசிரியை உட்பட, ஒவ்வொரு வருஷமும் சேர்ந்து எங்காவது டூர் போவார்கள். இவள் ஒரு தடவையும் போனதில்லை. என்னைத் தனியாக விட முடியாது என்று காரணம் சொல்வாள். இந்த வருஷம் மூணாறு, மூன்று நாள் என்றார்கள். நான் எதுவும் சொல்லும் முன்பே அவள் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். மகள்தான் பை அடுக்க உதவினாள். கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று யோசித்தாள்.

“மோர்க்கொழம்பு இருக்கு. வெந்நீர் பையி அலமாரியில...”

“எனக்குத் தெரியும். நீ பஸ்ஸைப் பிடி.”

போய்விட்டாள். முதல் நாள் இரண்டு தடவை போன் செய்தாள். இரண்டாம் நாள் ஒரே ஒரு தடவை. பின்னால் கைதட்டும் பாட்டுமாக ஒரே இரைச்சல். “இங்க ஒரே பனி, கேக்குதா? பக்கத்துல நிக்கது ஆருன்னு தெரியல! நான் பொறவு கூப்பிடுதேன்” என்று வைத்துவிட்டாள். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வைத்த போனைக் கையில் பிடித்தபடி நான் கொஞ்ச நேரம் சந்தோஷமாக நின்றேன். அவள் பிறகு கூப்பிடவும் இல்லை.

மூன்றாம் நாள் மாலை ஆட்டோவில் வந்து இறங்கினாள். இரண்டு பொட்டலம் தேயிலை, முகமெல்லாம் வெயில், தொண்டையில் குரலே இல்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. போக வரப் பஸ்ஸில் பாடியிருக்கிறாள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இவள் பாடி நான் கேட்டதில்லை. என்ன பாட்டு என்று கேட்டேன். கையை ஆட்டிச் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

லீவு முடிந்து பள்ளி திறந்த அன்றும் குரல் திரும்பவில்லை. டீச்சருக்குத் தொண்டை சரியில்லை, இன்று வரமாட்டார் என்று சொல்லத் தலைமையாசிரியைக்கு நான்தான் போன் செய்தேன். மறுமுனையில் கரகரவென்று ஏதோ சத்தம் கேட்டது. என்ன சொல்கிறார் என்று முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவருக்கும் குரல் போய்விட்டிருந்தது.